முதுகு பார்த்த அமெரிக்கம்மா

அமெரிக்கம்மா யாரையும் முதலில் முகத்தில் பார்த்ததில்லை. அறிமுகம் செய்து வைத்தால் கை கொடுப்பார், சிரிப்பார். ஆனால் கண் நம் தோளுக்கு அப்பால் எதையோ தேடிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்து நாம் திரும்பி நடக்கத் தொடங்கியதும்தான் அவர் பார்க்கவே ஆரம்பிப்பார். ஆளை முதுகை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார். எங்கள் பட்டறைக்கு வந்த முதல் வாரத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. "திரும்புங்க" என்பதுதான்.

பட்டறை சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டில் தொங்கும் மயில்கள், சீனப் புத்தாண்டுக்கு வேண்டிய புலி, முயல், டிராகன் எல்லாம் அங்கேதான் ஃபைபர்கிளாஸில் பிறக்கின்றன. நான் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். லாரி சொல்வது, பெர்மிட் எடுப்பது, ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகளுக்குச் சாப்பாடு வந்ததா என்று பார்ப்பது எல்லாம் என் தலையில். தம்பிகள் என்னை அக்கா என்பார்கள். அதுதான் என் பெயர் என்று அமெரிக்கம்மா நினைத்துக்கொண்டார். எழுபதை எட்டிக்கொண்டிருந்த பெண்மணி, ஐம்பதுகளில் இருந்த என்னைக் கடைசி வரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். திருத்த எனக்கு மனம் வரவில்லை. தம்பிகளும் தங்கள் பங்குக்கு அவரை அமெரிக்கம்மா ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே வந்து மூட்டை தூக்கியவர்களுக்காக லிட்டில் இந்தியாவில் ஒரு சிலை வைக்க வட்டாரக் குழு ஒன்று முடிவு செய்திருந்தது. போட்டி வைத்தார்கள், அமெரிக்கம்மா ஜெயித்தார். தமிழ்க் கூலியாளின் சிலைக்கு அமெரிக்காவிலிருந்துதான் ஆள் வர வேண்டுமா என்று எல்லோரும் கேட்டார்கள். அவரிடமே ஒருவர் கேட்டுவிட்டார். "முதுகுக்கு ஊரு கிடையாது" என்றார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் காதில் அது தமிழாகத் தங்கிப்போயிருக்கிறது, அதனால் அப்படியே சொல்கிறேன்.

முதலில் களிமண்ணில் எங்கள் பட்டறையில் செய்வது, அதிலிருந்து அச்சு எடுப்பது, பிறகு வெளிநாட்டில் வெண்கலத்தில் வார்ப்பது என்று ஏற்பாடு. மயில்களுக்கும் டிராகன்களுக்கும் நடுவில் ஒரு மண் மனிதன் எழுந்து நின்றான். அமெரிக்கம்மா ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏணியில் நிற்பார். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய, பால் சேர்க்காத தே-ஓ டீயை அந்த மண் மனிதனின் கட்டை விரலில் மாட்டிவிட்டு, அவ்வப்போது உறிஞ்சிக்கொள்வார். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்து மண்ணில் தோலின் வரிகளைக் கீறுவார். பின்பக்கத்துக்குத்தான் அந்தப் பிரஷ். முன்பக்கத்தை ஏதோ கடனே என்று செய்வார்.

"முன்பக்கம் கேக்குறவங்களுக்கு. பின்பக்கம் எனக்கு" என்பார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று தெரியாது. அவருடைய வேலை வாழ்க்கையே இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். அவர் நாட்டில் பல ஊர்களில் அவர் செய்த சிலைகள் நின்றன. ஒரு மேயருக்குச் சிலை செய்யும்போது, மனைவி வந்து மூக்கைச் சின்னதாக்கு, தலைமுடியைக் கூட்டு என்றாளாம். ஓகே என்று அப்படியே செய்து கொடுத்துவிட்டார். ஆனால் பின்னால் போய்ப் பார்த்தால் மேயரின் சட்டை பாதி வெளியே தொங்கும். அது அமெரிக்கம்மாவின் சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவரின் முதுகு. தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு சிலை. அதில் ஒரு வீரர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பது, ரயிலுக்குக் காத்திருக்கும் அவருடைய தங்கை. ஊர்க்காரர்கள் யாருக்கும் தெரியாது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். திறப்பு விழா எதற்கும் இவர் போனதில்லை. "எல்லாரும் முன்னாடிதான் நிப்பாங்க. அங்க எனக்கென்ன வேல?" என்பார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவருடைய போனில் ஒரு வீடியோ வந்தது. குதிரை மேல் உட்கார்ந்த ஒரு தளபதியின் சிலையை அவர் நாட்டில் ஓர் ஊரில் இறக்குகிறார்கள். அந்தத் தளபதி செய்த அநியாயத்துக்கு அவனை நடுத்தெருவில் வைத்திருக்கக் கூடாது என்று ஊரே முடிவு செய்துவிட்டதாம். இவருடைய இளமைக் கால வேலை அது. தம்பிகள் எல்லாம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சுற்றி நின்றார்கள். கிரேனில் கயிறு கட்டித் தூக்கியதும் தளபதி காற்றில் மெதுவாகச் சுற்றினார். கோட்டின் முதுகுத் தையல் இழுபட்டுப் புடைத்திருந்தது. அது கேமராவுக்கு நேராக வந்ததும் அமெரிக்கம்மா விரலை வைத்துக் காட்டினார்.

"தோ, எங்கப்பா. சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போற ஒரே கோட்டு."

லாரியில் ஏற்றி மூடினார்கள். இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோசையைப் பிட்டார்.

"வருத்தமா இல்லையா மேடம்?" என்று கேட்டேன்.

"எறக்க வேண்டியவன்தான். இனிமே அங்க மரம் வைக்கலாம்" என்றார். கல்மனசுக்காரி என்று அன்றைக்கு நினைத்தேன். அப்பாவையுமல்லவா சேர்த்து இறக்கிவிட்டார்கள்!

என் வீட்டுக்காரர் வெங்காய லாரி ஓட்டினார். மொத்தச் சந்தையில் ஏற்றி லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை கடையாக இறக்குவது வேலை. மாலையில் லாரியை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பட்டறைக்கு வருவார். வீடு உட்லண்ட்ஸில்தான், பக்கம். முதல் தடவை உள்ளே வந்து என்னைத் தேடிவிட்டுக் காணோமென்று வெளியே போனவரை ஏணியிலிருந்து அமெரிக்கம்மா பார்த்துவிட்டார்.

"திரும்புங்க!" என்று கத்தினார்.

முதுகு காட்டிப் போகிற ஆளிடம் திரும்புங்க என்றால் என்ன செய்வார்? திரும்பினார். முகம் வந்துவிட்டது. அமெரிக்கம்மாவுக்கு ஏமாற்றம். "நோ, நோ! திரும்புங்க!" என்று மறுபடியும் கத்தினார். இவர் மறுபடியும் திரும்பினார். தம்பிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இவர் சொன்னார்: "என் மூஞ்சியப் பாத்துட்டு வேணான்னு சொன்ன ரெண்டாவது பொம்பள இந்தம்மாதான்."

"மொத ஆளு யாரு?"

"ஒங்கம்மா."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சட்டையைக் கழற்றி, சிலைக்கு மாதிரியாக மூட்டையோடு நிற்கப் போனார். பஞ்சு மூட்டை போதுமே என்றேன். பஞ்சைத் தூக்கினால் முதுகு நடிக்கும் என்று அமெரிக்கம்மா சொல்லிவிட்டார். அசல் வெங்காயம்தான். முகம் இவருடையது இல்லை. குழு பழைய படங்களைப் பார்த்து ஏதோ ஒரு முகத்தைக் கேட்டிருந்தது. கை, கால், முதுகு மட்டும் இவர்.

அந்த முதுகில் எப்போதும் ஒரு கோயோ ஒட்டியிருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் வலிக்கு ஒட்டிக்கொள்வார்களே, மருந்து வாசம் அடிக்கும் சதுரப் பிளாஸ்திரி, அது. வலது தோளுக்குக் கீழே அவர் கை எட்டாத இடம். காலையில் நான்தான் ஒட்டுவேன். அவசரத்தில் சரியாக அழுத்த மாட்டேன், கீழ்மூலை ஒன்று எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். மாலையில் குளிக்கப் போகும் முன் நான்தான் பிய்ப்பேன்.

"மெதுவா இழுக்காத. ஒரே இழுவையா இழு" என்பார். இழுத்தால், ஆ என்று ஒரு சத்தம் போடுவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா மறுநாள் லிஃப்டில் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு இருக்கும். முடியெல்லாம் போய் அந்த இடம் மட்டும் சதுரமாக, மழமழவென்று வெளுத்துக் கிடக்கும். "ஒட்டியிருக்கற வரைக்கும் மரத்துப் போயி கெடக்கு. நீ பிச்சாதான் அங்க ஒடம்பு இருக்கறதே தெரியுது" என்று தோளைத் தடவிக்கொண்டே குளிக்கப் போவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நிற்கப் போனபோது கோயோவை எடுத்துவிடச் சொன்னார் இவர். அமெரிக்கம்மா பதறிப்போய், "எடுக்காதீங்க" என்றார். மண்ணிலும் அதை வைத்தார். தோலிலிருந்து ஒரு நூலளவு உயர்ந்த சதுரம், தூக்கிய மூலையோடு. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. என் கைவேலையும் அதில் இருந்ததே.

சிலை முடியும் முன் என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் கோயோ ஒட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போனவர். கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, முதுகைப் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றேன், கதவைச் சாத்தினேன். சந்தையில் மூட்டை ஏற்றும்போது விழுந்தார். இதயம் என்றார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பெட்டியில் படுக்க வைத்திருந்தபோது எல்லோரும் வந்து முகத்தைப் பார்த்தார்கள். நானும் முகத்தைத்தான் பார்த்தேன். எரிக்க மண்டாய் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம், முடிந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுதுவிட்டால் பாரம் குறையும் என்று சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். வரவில்லையே, என்ன செய்ய? காரியங்கள் முடிந்ததும் பட்டறைக்குப் போனேன். மயில்களுக்கு லாரி சொன்னேன். சோறு சோறாக இருந்தது, தண்ணீர் தண்ணீராக இருந்தது. தம்பிகள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அமெரிக்கம்மா மட்டும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிலை நின்ற சுழல் மேடையைத் திருப்பி வைத்திருந்தார், அவ்வளவுதான். என் மேசையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த முதுகு நேராகத் தெரிந்தது. வெளிச்சத்துக்காகத் திருப்பினாரா, எனக்காகவா, கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பார்க்காமல் ஒரு மணி நேரம் போனால் கை ஓடவில்லை.

ஒரு மதியம் வந்து கண்ணாடியைத் தட்டினார். "அக்கா, இங்க வா. அந்த மூல இன்னும் தூக்கணுமா?"

போய்ப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றேன். நகத்தால் மண்ணை நெம்பித் தூக்கினார். சரியாக வந்தது. அப்போதுதான், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"அன்னைக்குக் காலையில ஒட்டுனது மேடம். சாயங்காலம் பிய்க்கறதுக்கு ஆளு வரல. முதுகு கீழ இருந்துச்சா, யாருக்கும் தெரியல. அதோடயே போயிட்டாரு. எனக்கு அதேதான் ஓடிக்கிட்டே இருக்கு. செத்தாருங்கறது கூட இல்ல. அத எடுக்கலயேங்கறதுதான்."

அவர் சிலையின் விரலில் மாட்டியிருந்த தே-ஓவை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். கையைச் சட்டையில் துடைத்தார்.

"எந்தக் கையால பிய்ப்ப?"

"எடது கையால தோளப் புடிச்சுக்கிட்டு, வலது கையால."

"மேலேருந்தா, கீழேருந்தா?"

"கீழ்மூலையிலேருந்து. அதுதான தூக்கியிருக்கும்."

"ம்" என்றார். ஏணியில் ஏறிவிட்டார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தேன். ஆனாலும் கோபம் வரவில்லை. கோபம் எங்கிருந்து வரும் என்றே மறந்துவிட்டிருந்தது.

அச்சு எடுக்கும் முன் குழு பார்க்க வந்தது. குழு சார்பில் பேசியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். நல்ல மனிதர், என் வீட்டுக்காரர் காரியத்துக்கும் வந்திருந்தார். ஆனால் சிலையில் இருப்பது யார் முதுகு என்று அவருக்குத் தெரியாது. மீசை இன்னும் அடர்த்தியாக வேண்டும் என்றார்கள். ஓகே என்று அங்கேயே மண்ணை அப்பினார் அமெரிக்கம்மா. வேட்டி முழங்காலுக்குக் கீழே வரட்டும் என்றார்கள். ஓகே. உயரமான பீடம் வேண்டுமா என்றார்கள். வேண்டாம், தரையில் நம்மோடு நிற்கட்டும், முதுகு பஸ் நிறுத்தத்தைப் பார்க்கட்டும் என்றார். அவர்களும் ஓகே என்றார்கள். எல்லாம் சுமுகமாகப் போனது. பிறகு ஆசிரியர் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

"இது என்னம்மா, சதுரமா?" என்று என்னிடம் கேட்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டப் போனார். "கோயோ மாதிரில்லா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் காலத்துக் கூலி ஆளுக்குக் கோயோ ஏதும்மா? ஸ்கூல் பிள்ளைங்க வந்து பாக்கப் போற எடம். நாமளே தப்பாச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்லா. இத எடுத்துடச் சொல்லுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். என் புருஷனுடையது சார் என்று சொல்லியிருந்தால் அவரே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். அந்தச் சதுரம் இருக்க வேண்டும், எனக்கு உலகத்தில் அது ஒன்றுதான் வேண்டும் என்று அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. அமெரிக்கம்மாவைப் பார்த்தேன். பின்பக்கம் எனக்கு என்று இப்போது சொல்வார், ஒரு வாழ்க்கை முழுக்கச் சொன்னவர் இப்போது சொல்லாமலா போவார் என்று காத்திருந்தேன்.

அவர் சதுரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், முகத்தில், நேராக. அப்படி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஓகே. அத எடுத்துடறேன்" என்றார்.

குழு தேநீர் குடித்துவிட்டுப் போனது. நான் கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டேன். பிறகு அவரிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சு எடுத்தபோது லீவு போட்டுவிட்டேன். ஊருக்குக் கிளம்பும் அன்று அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பை மேடம் என்றேன்.

"தெறந்ததுக்கப்புறம் ஒரு நாள் பின்னாடி போய்ப் பாரு, அக்கா."

சரி என்றேன். இனி அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அவர் நடந்து போனதை நான் பார்க்கவில்லை. ஊர் முதுகையெல்லாம் பார்த்தவரின் முதுகு எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை, அவரும் வரவில்லை. தேக்காவுக்குப் போனாலும் அந்த நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தேன். பஸ் அதைத் தாண்டும்போது போனைப் பார்ப்பேன். அவர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பது கூடத் தெரியாது.

என் வீட்டுக்காரருடைய முதல் திதிக்குப் பூ வாங்கத் தேக்கா பஃபலோ ரோட்டுக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பூக்காரர் வழக்கமாகக் கட்டும் மாலையைக் கட்டிக்கொண்டே, "சிலைக்கும் யாராச்சும் தெனம் ஒரு மொழம் வெச்சுட்டுப் போறாங்க" என்றார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை, சும்மாதான் சொல்லியிருப்பார். மாலைப் பையோடு கால் தானாக அந்தப் பக்கம் போனது.

முன்னால் ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. காலடியில் சாமந்திச் சரம் கிடந்தது. மீசைக்கார முகம், எனக்கு யாரோ. பின்னால் போனேன்.

வெண்கலத்தில் முதுகெங்கும் பிரஷ் கீறிய வரிகள் இருந்தன. தோளிலிருந்து இடுப்பு வரை தோலின் ஒவ்வொரு மடிப்பும் முடியும் தெரிந்தது. கோயோ இல்லை. சொன்னபடி எடுத்துவிட்டார். ஆனால் அது இருந்த இடத்தில், அதே அளவுக்கு, ஒரு கீறல் கூட இல்லை. மழமழவென்று வெளுத்துக் கிடந்தது. கீழ்மூலையில் மட்டும் தோல் கொஞ்சம் மேல்நோக்கி இழுபட்டிருந்தது. கீழ்மூலையிலிருந்து பிய்த்தால்தான் அப்படி இழுபடும். குழு கேட்டது போலச் சதுரத்தை அவர் மண்ணோடு தேய்த்து மூடவில்லை. மாலையில் நான் பிய்ப்பது போல, பிய்த்து எடுத்திருந்தார்.

பையைக் கீழே வைத்தேன். இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டேன். வலது கையை அந்த இடத்தில் வைத்தேன். வெயிலில் காய்ந்து சுடச்சுட இருந்தது. கையை எடுக்கவில்லை.

ஆ என்று ஒரு சத்தம் வந்தது. இவர் போடுகிற அதே சத்தம். வந்தது என் வாயிலிருந்து. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.